டாஃபின் ஊர்ல நடந்தது: காசு வாங்காதவங்களையும் மாத்தின ஒரு வருமானத் திட்டம்

கனடாவுல மானிடோபா மாகாணத்துல டாஃபின்னு ஒரு சின்ன ஊரு. வின்னிபெக் சிட்டியிலருந்து வடமேற்கால கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், சுத்திலும் விவசாயம், 1970-கள்ல ஜனத்தொகை 10,000 சொச்சம். இந்த ஊர்ல எந்தக் குடும்பத்தோட வருமானமும் ஒரு கோட்டுக்குக் கீழ போகாது, போனா மிச்சத்தை நாங்க தர்றோம்னு மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து வாக்கு குடுத்து, சுமார் மூணு வருஷம் அதைக் காப்பாத்தவும் செஞ்சாங்க. திட்டத்தோட பேரு மின்கம் (Mincome). அடிப்படை வருமானம், அதாவது எல்லாருக்கும் அரசே ஒரு தொகை தர்றது, வேணுமா வேணாமான்னு இன்னைக்கு சண்டை போடற ரெண்டு பக்கமும் இந்த ஊரை இழுத்துட்டு வருவாங்க, ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா "எல்லாருக்கும் காசு குடுத்தாங்க, வறுமை ஒழிஞ்சுது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. எல்லாருக்கும் காசு குடுக்கல. ஏதோ ஒரு கட்டத்துல காசு வாங்கினது ஊர்ல மூணுல ஒரு பங்கு குடும்பம்தான். ஆனா மாற்றம் அந்த மூணுல ஒரு பங்கோட நிக்கல. இந்த கேஸ்ல எனக்கு முக்கியமா படறது அதுதான், அடிப்படை வருமானத்துக்கு இதைவிட வலுவான வாதத்தை நான் பாக்கல.

எப்படி ஆரம்பிச்சுது

அந்தக் காலத்துல இது ஒண்ணும் கிறுக்கு யோசனை இல்ல. அமெரிக்காவுல 1969-ல நிக்சனே, ஆமா அதே ரிச்சர்ட் நிக்சன்தான், குழந்தைங்க இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு குறைந்தபட்ச வருமானம் தர்ற திட்டத்தை அறிவிச்சார், 1970-ல பிரதிநிதிகள் சபையில பாஸ் ஆச்சு, செனட்ல போய் செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடியே 1968-ல நியூஜெர்சியில சோதனை ஆரம்பிச்சாச்சு, அப்புறம் சியாட்டில், டென்வர்னு பெருசா நடந்துச்சு. கனடாவுல வயசானவங்களுக்கு மட்டும் உத்தரவாத வருமானம் 1967-லயே வந்துடுச்சு, 1971-ல டேவிட் க்ரோல் தலைமையில இருந்த செனட் கமிட்டி இதை மத்தவங்களுக்கும் குடுக்கணும்னு ரிப்போர்ட் குடுத்துச்சு. அந்த சூட்டுல 1974-ல பியர் ட்ரூடோவோட மத்திய அரசும், மானிடோபாவுல எட் ஷ்ரையரோட அரசும் கையெழுத்து போட்டாங்க. பட்ஜெட் 1 கோடியே 70 லட்சம் கனடா டாலர், முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாகாணம்.

சோதனை ரெண்டு மாதிரி நடந்துச்சு. வின்னிபெக்ல குடும்பங்களை குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்து, கொஞ்சப் பேருக்கு ஒரு திட்டம், கொஞ்சப் பேருக்கு வேற திட்டம், கொஞ்சப் பேருக்கு ஒண்ணுமே இல்லன்னு பிரிச்சாங்க. நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு உத்தரவாதத் தொகை வருஷத்துக்கு 3,800, 4,800, 5,800 டாலர்னு மூணு அளவு. சம்பாதிக்கிற ஒவ்வொரு டாலருக்கும் எவ்வளவு கழிக்கறதுங்கறது 35, 50, 75 சதவீதம்னு மூணு வகை. இதையெல்லாம் கலந்து பாத்து எந்த இடத்துல ஆளுங்க வேலையை விடறாங்கன்னு கண்டுபிடிக்கறது நோக்கம். அமெரிக்க சோதனைகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

டாஃபின் வேற மாதிரி. அங்க குலுக்கல் கிடையாது, ஊருக்கே ஒரே திட்டம், 3,800 டாலர், 50 சதவீதக் கழிவு, ஊர்ல குடியிருக்கறவங்க யாரா இருந்தாலும் வருமானம் கீழ போனா வாங்கிக்கலாம். வின்னிபெக் சாம்பிள்ல வயசானவங்களையும் ஊனமுற்றவங்களையும் விட்டுட்டாங்க, டாஃபின்ல அவங்களும் உண்டு. சாதாரண சோதனையில காசு வாங்கற குடும்பத்தைச் சுத்தி இருக்கற பக்கத்து வீடு, ஸ்கூல், முதலாளி எல்லாரும் பழையபடியே இருப்பாங்க, நிஜமா ஒரு நாட்டுல திட்டம் வந்தா அப்படி இருக்காதே, எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும். அதனாலதான் ஒரு ஊரையே முழுசா எடுத்துக்கிட்டாங்க. அப்போ வட அமெரிக்காவுல நடந்த இந்த வகை சோதனைகள்லயே முழு ஊரா எடுத்தது இது ஒண்ணுதான்.

கணக்கு எப்படி வேலை செஞ்சுது

இதைக் கொஞ்சம் கிட்டப் போய் பாக்கணும், ஏன்னா எல்லா சண்டையும் இங்கதான் ஒளிஞ்சிருக்கு. நாலு பேர் குடும்பம், வருமானம் பூஜ்யம்னா வருஷத்துக்கு 3,800 வரும். அந்தக் குடும்பத்துல ஒருத்தர் வேலைக்குப் போய் 2,000 சம்பாதிச்சா அதுல பாதி, அதாவது 1,000 கழிச்சு 2,800 வரும், ஆக மொத்தம் கையில 4,800. சம்பாத்தியம் 5,000 ஆனா அரசு தர்றது 1,300, மொத்தம் 6,300. 7,600-ஐத் தொட்டா அரசு காசு நின்னுடும். விலைவாசி ஏற ஏற இந்தத் தொகையையும் ஏத்தினாங்க. முக்கியமான விஷயம் என்னன்னா எந்தக் கட்டத்துலயும் வேலைக்குப் போனவன் போகாதவனைவிட மொத்தத்துல கையில கம்மியா வெச்சிருக்க மாட்டான். பழைய உதவித் திட்டத்துல ஒரு டாலர் சம்பாதிச்சா கிட்டத்தட்ட ஒரு டாலர் உதவி போயிடும், அப்போ எவன் வேலைக்குப் போவான், போறவன் ஏமாளின்னுதான் ஆகுது. சோம்பேறித்தனத்தை வளக்கறது காசா, இல்ல காசைப் பிடுங்கற விதமான்னு கேட்டா எனக்கு ரெண்டாவதுதான்.

யாருக்கு லாபம்னு பாத்தா அதுவும் நாம நினைக்கற ஆளுங்க இல்ல. ஏற்கனவே அரசு உதவி வாங்கிட்டு இருந்தவங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல, தொகை ஏறக்குறைய அதேதான். உண்மையிலயே லாபம் அடைஞ்சது பழைய திட்டத்துல கிட்டவே சேக்காத ஆளுங்க: வேலை பாத்தும் பத்தாதவங்க, சொந்தமா சின்னதா தொழில் பண்றவங்க, கல்யாணம் ஆகாத திடகாத்திரமான ஆம்பளைங்க, விவசாயிங்க, கொஞ்சம் வயசானவங்க. "உனக்குத்தான் கை கால் நல்லா இருக்கே"ன்னு திருப்பி அனுப்பப்பட்ட கூட்டம். ஒரு விவசாயிக்கு நிலம் இருக்கும், டிராக்டர் இருக்கும், ஆனா ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை அடிச்சா கையில காசு இருக்காது. பேப்பர்ல சொத்துக்காரன், வீட்டுல அடுத்த மாசத்துக்கு வழி இல்ல. இப்படிப்பட்ட ஆளை ஏழைன்னு ஒத்துக்க எந்த உதவித் திட்டத்துலயும் ஒரு கட்டம் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி

சோதனையை வடிவமைச்ச பொருளாதார நிபுணர்களுக்கு இருந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு, காசு குடுத்தா வேலை செய்யறதைக் குறைப்பாங்களா. ஜனங்க ஆரோக்கியமா இருந்தாங்களா, பசங்க படிச்சாங்களா, நிம்மதியா தூங்கினாங்களாங்கறதெல்லாம் பின்சீட்டுல. அந்த ஒரு கேள்விக்கு வின்னிபெக் டேட்டாவை வெச்சு பதில் சொன்னது டெரிக் ஹம், வெய்ன் சிம்ப்சன்னு மானிடோபா பல்கலைக்கழகத்து ஆளுங்க ரெண்டு பேர். அவங்க கணக்குப்படி வேலை நேரம் குறைஞ்சது ஆம்பளைங்களுக்கு 1 சதவீதம், கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு 3 சதவீதம், கல்யாணம் ஆகாத பொம்பளைங்களுக்கு 5 சதவீதம். அவ்வளவுதான், இத்தனை பயமும் இதுக்குத்தான். பொம்பளைங்க விஷயத்துல குழந்தை பெத்தவங்க வேலைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூடுதலா வீட்டுல இருந்தது ஒரு முக்கியக் காரணமா சொல்லப்படுது, அப்போ கனடாவுல பேறுகால விடுப்புக்கு காசு வந்ததே 15 வாரம்தான், அதுவும் 1971-லதான் வந்துச்சு. இதைப் போய் "உழைப்பு குறைஞ்சுது"ன்னு ஒரு நஷ்டக் கணக்குல எழுதறது எனக்கு ஒப்பல, கைக்குழந்தையைப் பாத்துக்கறது உழைப்பு இல்லாம வேற என்ன?

ஆனா இந்த பதில் வந்தது 1980, 90-கள்ல, எல்லாம் முடிஞ்சு போனதுக்கு அப்புறம். திட்டம் நடக்கும்போதே நிலைமை கெட ஆரம்பிச்சுடுச்சு. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் விலைவாசி எகிறிச்சு, தொகையை விலைவாசியோட கட்டி வெச்சதால செலவும் கூடவே எகிறிச்சு, வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்துக்கிட்டதால உதவிக்குத் தகுதியானவங்களும் கூடினாங்க, பட்ஜெட் மட்டும் அதே 1 கோடியே 70 லட்சம். கூட காசு கேட்டாங்க, கிடைக்கல. ஜனங்களுக்குக் குடுக்கறதை நிறுத்த முடியாது, அதனால ஆராய்ச்சிக்கு வெச்சிருந்த பக்கத்துல வெட்டு விழுந்துச்சு, டேட்டாவை சேகரிங்க, இப்போதைக்கு ஆராய வேண்டாம்னு. 1977-ல மானிடோபாவுல ஸ்டெர்லிங் லயன் தலைமையில கன்சர்வேட்டிவ் அரசு வந்துச்சு, 1979-ல மத்தியிலயும் ஜோ கிளார்க்கோட கன்சர்வேட்டிவ் அரசு வந்துச்சு, அந்த வருஷமே கடையை மூடினாங்க. இறுதி அறிக்கைன்னு ஒண்ணு எழுதவே இல்ல. வின்னிபெக் டேட்டாவையாவது பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க, டாஃபின் பேப்பரெல்லாம், சுமார் 1,800 கன அடி அளவுக்கு, பெட்டி பெட்டியா கட்டி ஆவணக் காப்பகத்துல போட்டாங்க. கிணத்துல போட்ட கல்லு மாதிரி 30 வருஷம் கிடந்துச்சு. ஒரு நாட்டோட மிக முக்கியமான சமூகப் பரிசோதனைக்கு இந்த கதி, நம்பறதுக்கே கஷ்டமா இருக்கு.

ஃபோர்ஜே என்ன பண்ணாங்க

எவலின் ஃபோர்ஜே மானிடோபா பல்கலைக்கழகத்துல மருத்துவத் துறையில வேலை பாக்கற பொருளாதார நிபுணர். அவங்க அந்தப் பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க, ஆனா சரியான அட்டவணை இல்ல, கம்ப்யூட்டர்ல ஏத்தவும் இல்ல, அதை வெச்சு புள்ளிவிவர ஆராய்ச்சி பண்ண வழியில்ல. அங்கதான் அவங்க சுத்தி வளைச்சு ஒரு வழி பிடிச்சாங்க, அது உண்மையிலயே கெட்டிக்காரத்தனம். கனடாவுல மருத்துவம் பொதுக் காப்பீடு, மானிடோபாவுல 1970 வாக்குலருந்து யார் எந்த டாக்டரைப் பாத்தாங்க, யார் எப்போ ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாங்கன்னு பில்லுக்காக எல்லாம் பதிவாகிட்டே வந்திருக்கு. யாரும் சோதனைக்காக சேகரிச்ச டேட்டா இல்ல. அதுல அப்போ டாஃபின்ல இருந்த ஆளுங்களை எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் அதே வயசு, அதே பால், அதே மாதிரி குடும்பம், அதே மாதிரி ஊர்ல இருக்கிற மூணு பேரை ஜோடி சேத்து, ரெண்டு கூட்டத்தையும் வருஷா வருஷம் ஒப்பிட்டாங்க. 2011-ல கட்டுரை வந்துச்சு.

டாஃபின் ஆளுங்க ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகறது ஒப்பீட்டுக் குழுவோட பாத்தா 8.5 சதவீதம் குறைஞ்சிருக்கு. எல்லா வியாதியும் ஒரே மாதிரி குறையல, விபத்து, காயம், மனநலப் பிரச்சனை இந்த வகைலதான் முக்கியமா குறைஞ்சிருக்கு, மனநலத்துக்காக டாக்டரைப் பாக்கறதும் குறைஞ்சிருக்கு. கேன்சரோ பிறவிக் கோளாறோ மூணு வருஷக் காசுல குறையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், குறையக்கூடியது எதுன்னு பாத்தா அது குறைஞ்சிருக்கு. வேலை இடத்துல அடிபடறது, பண்ணை மெஷின்ல கை மாட்டறது, குடி, வீட்டுச் சண்டை, கார் மோதறது, இதுக்கெல்லாம் பின்னாடி எங்கயோ அசதியும் கவலையும் இருக்கும்.

படிப்புல என்னன்னா, பதினோராம் கிளாஸ் முடிச்ச பசங்க பன்னெண்டாம் கிளாஸுக்குப் போறது சோதனை நடந்த வருஷங்கள்ல ஏறிச்சு, திட்டம் முடிஞ்சதும் திரும்ப இறங்கிடுச்சு. பதினாறு வயசுப் பையன் ஸ்கூலை விட்டுட்டு பண்ணைக்கோ ஃபேக்டரிக்கோ போறது அந்த ஊர்ல சாதாரணம், வீட்டுல அவன் சம்பளம் இப்பவே தேவைன்னு இல்லாததால ஒரு வருஷம் கூட படிச்சான். இதுவும் வேலைநேரக் கணக்குல "குறைஞ்சுது"ன்னுதான் விழும், பாத்துக்கங்க.

எதிர்பார்த்தது எல்லாம் நடக்கவும் இல்ல. குழந்தை பொறக்கும்போது எடை கூடும், பிரசவச் சிக்கல் குறையும்னு நினைச்சாங்க, அப்படி எந்த மாற்றமும் தெரியல. காசுக்காகவே குழந்தை பெத்துப்பாங்கன்னு பயந்தாங்க, அதுவும் நடக்கல. விவாகரத்தும் கூடல. இந்த விவாகரத்து விஷயம் சின்ன விஷயம் இல்லீங்க, சியாட்டில் டென்வர் சோதனையில கல்யாணம் முறியறது கூடிச்சுன்னு ஒரு முடிவு வந்துச்சு, நிக்சன் திட்டத்தை வடிவமைச்ச மொய்னிஹனே 1978-ல செனட்டரா உக்காந்துட்டு தன் பழைய நிலைப்பாட்டைக் கைகழுவினார். அந்த முடிவு புள்ளிவிவர ரீதியா நிக்காதுன்னு வேற ஆய்வாளர்கள் மறுத்தது பல வருஷம் கழிச்சுதான், அதுக்குள்ள அமெரிக்காவுல அந்த யோசனையோட கதை முடிஞ்சிருந்துச்சு.

வாங்காதவங்களுக்கு எப்படி

இப்போ கேஸோட மையத்துக்கு வர்றேன். ஃபோர்ஜே ஒப்பிட்டது காசு வாங்கின குடும்பங்களை மட்டும் இல்ல, அவங்க டேட்டாவுல யார் வாங்கினாங்க யார் வாங்கலன்னே தெரியாது, டாஃபின் ஊர் ஆளுங்க மொத்தத்தையும்தான் எடுத்தாங்க. காசு வாங்கினதோ மூணுல ஒரு பங்கு, அதுலயும் பல பேர் கொஞ்சம் மாசம்தான், தொகையும் சின்னதுதான். அப்படி இருந்தும் ஊர் மொத்தத்தோட சராசரியே 8.5 சதவீதம் அசையுதுன்னா, காசு நேரா போய் செஞ்ச வேலையா மட்டும் அது இருக்க வாய்ப்பு கம்மி.

ரெண்டு வழியா யோசிக்கலாம். ஒண்ணு, கூட்டாளி விளைவு. ஒரு பையன் ஸ்கூல்ல தங்கினா அவன் ஃப்ரெண்டும் தங்குவான், ஃப்ரெண்டோட வீட்டுக்கு செக் வருதா வரலியாங்கறது பிரச்சனை இல்ல. ஃபோர்ஜேவும் இதை அழுத்திச் சொல்றாங்க. ரெண்டாவது, எனக்கு இன்னும் முக்கியமா படறது, உத்தரவாதம். நல்லா வெளைஞ்ச வருஷத்துல ஒரு விவசாயிக்கு மின்கம்லருந்து ஒத்தை டாலர் வராது. ஆனா அடுத்த வருஷம் பயிர் போனா என்ன ஆகும்னு அவன் ராத்திரி முழிச்சுக்கிட்டு கணக்குப் போட வேண்டியதில்ல, தரை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். அரசோட செலவுக் கணக்குல அந்த வருஷம் அவன் பேருக்கு எதிர்ல பூஜ்யம், ஆனா அவனுக்கு பலன் இருக்கு. ஏழைக்கு மட்டும் குடுப்போம், அதுவும் ஏழைன்னு நிரூபிச்ச அப்புறம் குடுப்போம்ங்கற திட்டத்துல இந்த பலன் வராது, ஏன்னா விழுந்து அடிபட்டு, இருக்கறதெல்லாம் வித்து தின்ன அப்புறம்தான் அங்க கதவே திறக்கும். "பணக்காரனுக்கும் ஏன் குடுக்கணும்"னு கேக்கறவங்களுக்கு என் பதில் இங்கதான் இருக்கு. குடுக்கறது பணக்காரனுக்கு இல்ல, நாளைக்கு யாரா வேணா ஆகக்கூடிய ஒருத்தனுக்கு.

மானப் பிரச்சனை தனி. டேவிட் கால்னிட்ஸ்கின்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் பின்னாடி அந்தப் பெட்டிகள்ல இருந்த பழைய சர்வே பதில்களை எடுத்துப் படிச்சார், ஊர்க்காரங்க தங்கள் கையால எழுதினது, ஏன் சேர்ந்தீங்க, ஏன் சேரலன்னு. அரசு உதவி வாங்கறதைக் கேவலமா நினைச்ச, உழைச்சுத்தான் சாப்பிடணும்னு பிடிவாதமா இருந்த ஆளுங்களே மின்கம்ல தயங்காம சேர்ந்திருக்காங்க. பழைய உதவித் திட்டத்துல அதிகாரி ஒருத்தர் உங்க கேஸைப் பாத்து, நீங்க நல்லவரா கெட்டவரா, உழைக்க முடியுமா முடியாதான்னு முடிவு பண்ணணும், சின்ன ஊர்ல அந்த ஆபீஸுக்குள்ள நுழையறதை நாலு பேர் பாத்தா போதும். மின்கம்ல ஃபார்மை நிரப்பி தபால்ல அனுப்பினா செக் தபால்ல வரும், விதி எல்லாருக்கும் ஒண்ணு, உங்க ஒழுக்கத்தைப் பத்தி யாரும் விசாரிக்கறதில்ல. ஊருக்கே பொதுவா இருந்ததால "அவன் வாங்கறான் பாரு"ன்னு கைகாட்ட ஆளே இல்ல.

இடிக்கிற இடம்

ஆதரவா இருக்கறதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது கேஸ் ஆய்வு இல்ல, நோட்டீஸ். கால்னிட்ஸ்கியும் ஜோனதன் லாட்னரும் 2017-ல டாஃபின் டேட்டாவை வெச்சே வேலை விஷயத்தைப் பாத்தாங்க. வந்த முடிவு, உழைப்புச் சந்தையில பங்கெடுக்கறது, அதாவது வேலையில இருக்கறதோ வேலை தேடறதோ, 11 சதவீதப் புள்ளி கிட்ட குறைஞ்சிருக்கு. வின்னிபெக்ல கிடைச்ச 1, 3, 5-ஐப் பாத்துட்டு நிம்மதியா இருந்த ஆதரவாளர்கள் பல பேர் இதைக் கண்டுக்காம தாண்டிடுவாங்க. தாண்டக் கூடாது. அந்தக் குறைவுல 30 சதவீதம் கிட்ட ஊரே சேர்ந்து வாங்கற சூழ்நிலையால வந்ததுன்னும் சொல்றாங்க, அதாவது நான் மேல பாராட்டின அதே கூட்டு விளைவு இந்தப் பக்கமும் வேலை செய்யுது, பக்கத்து வீட்டுக்காரன் வேலையை விட்டது தப்பா தெரியலன்னா நாமும் விடறது சுலபம். இது வசதிப்பட்ட இடத்துல மட்டும் வேலை செய்யும்னு நாம சொல்லிக்க முடியாது.

ஆனா ஏன் விட்டாங்கன்னு அவங்களே எழுதின பதில்கள்ல வர்றது வீட்டுல யாரையாவது பாத்துக்கறது, உடம்பு முடியாம இருந்தது, சீசன் வேலை மட்டுமே கிடைச்சது, படிக்கப் போனதுன்னுதான். இன்னொரு விஷயத்தையும் கால்னிட்ஸ்கி பாத்திருக்கார், அந்த வருஷங்கள்ல டாஃபின்ல வேலைக்கு ஆள் தேடின முதலாளிங்க பக்கத்து ஊர்களைவிடக் கூடுதல் சம்பளம் அறிவிச்சிருக்காங்க. குறைஞ்ச கூலிக்கு, மோசமான வேலைக்கு, வேற வழியில்லாம வர்றதுக்கு ஆள் இல்லாம போனா கூலி ஏறத்தான் செய்யும். இது நல்லதா கெட்டதாங்கறது நீங்க சம்பளம் குடுக்கறவரா வாங்கறவரா அப்படிங்கறதைப் பொறுத்தது. நான் இதை நல்லதுன்னே சொல்வேன். வேண்டாம்னு சொல்ல முடியாத ஒருத்தன் சரின்னு சொல்றதுக்குப் பேரு சம்மதம் கிடையாது.

அப்புறம், மின்கம் அடிப்படை வருமானமே இல்லயே, அது வருமானம் ஏற ஏற குறையற தொகைதானேன்னு ஒரு ஆட்சேபம் உண்டு. கணக்குல பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி. எல்லாக் குடும்பத்துக்கும் 3,800 முன்கூட்டியே குடுத்துட்டு, 7,600 வரைக்கும் வர்ற வருமானத்துல 50 சதவீதம் வரி போட்டா, 2,000 சம்பாதிக்கற குடும்பம் கையில அதே 4,800 தான் நிக்கும், 7,600 சம்பாதிக்கற குடும்பம் 3,800 வாங்கி 3,800 வரி கட்டும். "எல்லாருக்கும் குடுத்தா இத்தனை லட்சம் கோடி ஆகும்"னு ஜனத்தொகையைத் தொகையால பெருக்கிக் காட்டறவங்க இந்தத் திரும்பி வர்ற பாதியை மறந்துடறாங்க, இல்ல மறைக்கறாங்க. வித்தியாசம் நடைமுறையில இருக்கு. மின்கம்ல குடும்பங்கள் மாசா மாசம் வருமானத்தை எழுதி அனுப்பணும், அதைப் பாத்துத்தான் அடுத்த செக். மாசச் சம்பளக்காரனுக்கு அது சுலபம், அறுவடைக்கு அறுவடை காசு பாக்கற விவசாயிக்கு இந்த மாசம் வருமானம் எவ்வளவுன்னு கேட்டா என்ன எழுதுவான்? முதல்ல குடுத்துட்டு வருஷக் கடைசியில வரியில பிடிச்சுக்கறது இந்தத் தலைவலியை ஒழிக்குது, அதனால எல்லாருக்கும் குடுக்கற வடிவமே எனக்குச் சரின்னு படுது. எல்லாருக்கும் குடுத்துப் பாத்த இடங்களும் இருக்கு. அலாஸ்காவுல 1982-லருந்து எண்ணெய் நிதியோட பங்குத் தொகை குழந்தை உட்பட ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை போகுது, முதல் வருஷம் 1,000 டாலர், வேலையில இருக்கறவங்க எண்ணிக்கை அதனால குறையலன்னு ஆய்வு இருக்கு, பகுதிநேர வேலை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு. ஈரான்ல 2010 கடைசியில எரிபொருள் மானியத்தை வெட்டிட்டு ஆளுக்கு மாசம் 4,55,000 ரியால் குடுத்தாங்க, அங்கயும் ஜனங்க கூட்டம் கூட்டமா வேலையை விடல. என்ன, தொகையை விலைவாசியோட கட்டி வைக்காததால கொஞ்ச வருஷத்துல அது தேஞ்சு போச்சு. டாஃபின்ல கட்டி வெச்சு பட்ஜெட் போச்சு, ஈரான்ல கட்டாம வெச்சு தொகை போச்சு.

டாஃபின் பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு பாக்கி, காசு எங்கருந்து வரும்ங்கறது. அந்த ஊர்க்காரங்க மேல இதுக்காக ஒரு வரி கூட போடல, பணம் வெளியிலருந்து வந்துச்சு. மூணு வருஷம்தான்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், ஆயுசுக்கும் வரும்னா வேற மாதிரி நடந்துக்குவாங்களா இல்லியான்னு மூணு வருஷத்துல சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதுக்காகவே ஒரு நிபுணர் குழு போட்டுச்சு, டேவிட் க்ரீன், ரிஸ் கெஸல்மன், லிண்ட்சே டெட்ஸ் மூணு பேர், அவங்க விரிவா ஆராய்ஞ்சு எல்லாருக்கும் அடிப்படை வருமானம் வேண்டாம், ஊனமுற்றவங்க மாதிரி குறிப்பிட்ட கூட்டத்துக்குப் பண்ணுங்க, மத்தபடி இருக்கற திட்டங்களையும் சேவைகளையும் சரி பண்ணுங்கன்னு சொன்னாங்க. நேர்மையான அறிக்கைதான். ஆனா "இருக்கறதைச் சரி பண்ணுங்க"ங்கறது எத்தனை வருஷமா சொல்லப்படுதுன்னு யோசிச்சா எனக்கு அதுல நம்பிக்கை வரல, இருக்கற திட்டங்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசல்லயும் ஒரு சான்றிதழ், அந்த டிராக்டர் வெச்சிருக்கிற விவசாயி எந்த வாசல்லயும் நுழைய முடியாது. அரசுத் துறைகளுக்குள்ள இன்னொரு சிக்கலும் இருக்கு, செலவு விழறது சமூக நலத்துறை தலையில, ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகி மிச்சம் ஆகறது சுகாதாரத் துறை கணக்குல, ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதற ஆள் நிதியமைச்சகத்துல உக்காந்திருக்கணும், பெரும்பாலும் உக்காந்திருக்கறதில்ல.

2017-ல ஒன்டாரியோ மாகாணத்துல இன்னொரு தடவை முயற்சி பண்ணாங்க. ஹாமில்டன், தண்டர் பே, லிண்ட்சே பகுதிகள்ல 4,000 பேர், தனி ஆளுக்கு வருஷத்துக்கு 16,989 டாலர் வரைக்கும், சம்பாதிச்சா அதே மாதிரி பாதி கழிவு, மூணு வருஷத் திட்டம். இந்தத் தடவை ஆரோக்கியம், மனநலம், படிப்பு, வீட்டு வசதின்னு ஃபோர்ஜேவோட கேள்விகளையெல்லாம் ஆரம்பத்துலயே சேத்துக்கிட்டாங்க. 2018-ல ஆட்சி மாறிச்சு, தேர்தல் பிரச்சாரத்துல திட்டத்தைத் தொட மாட்டோம்னு சொன்ன டக் ஃபோர்டோட கட்சி ஜெயிச்சு வந்து, ஜூலை கடைசியிலயே ரத்துன்னு அறிவிச்சுது, 2019 மார்ச்சோட காசு நின்னுச்சு. மூணு வருஷம் வரும்னு நம்பி காலேஜ்ல சேர்ந்தவங்க, வீடு மாறினவங்க எல்லாம் நடுவழியில நின்னாங்க. அரசு சார்புல ஆய்வு எதுவும் முடியல. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆளுங்க தாங்களா ஹாமில்டன் பக்கம் காசு வாங்கினவங்களைத் தேடிப் பிடிச்சு 217 பேர்கிட்ட கேட்டு ஒரு அறிக்கை போட்டாங்க, அதுல டாக்டர்கிட்டயும் எமர்ஜென்சிக்கும் போறது குறைஞ்சுதுன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க, வேலையில இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வேலையில தொடர்ந்திருக்காங்க. அதுல ஒப்பீட்டுக் குழு கிடையாது, தானா முன்வந்தவங்களோட பதில் மட்டும்தான், அதனால டாஃபின் கணக்கோட சேத்து வைக்க முடியாது.